பட்டியலில் பெயர் சேர்ப்பதிலிருந்து விரலில் மை வைக்கும் வரை: வாக்காளருக்கான முழுமையான வழிகாட்டி

வாக்குப்பதிவு நாளன்று பெரும்பாலான வாக்குச்சாவடி வாசல்களில் ஒருவராவது இப்படி நிற்பார்: கையில் வாக்காளர் அட்டை இருக்கும், உள்ளே உள்ள பட்டியலில் பெயர் இருக்காது. "போன தடவை இதே அட்டையைக் காட்டித்தானே ஓட்டுப் போட்டேன்" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-வது பிரிவுப்படி, அந்தத் தொகுதியின் நடப்பு வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் அங்கே வாக்களிக்க முடியும். அட்டை என்பது நீங்கள் இன்னார் என்று காட்டும் அடையாளம் மட்டுமே. அட்டையைத் தொலைத்தவர் வேறு ஆவணத்தைக் காட்டி வாக்களித்துவிடலாம். பட்டியலில் பெயர் விடுபட்டவருக்கு அன்றைய தினம் எந்த வழியும் கிடையாது.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2025 காட்டியது. நவம்பர் 4-ம் தேதி வீடு வீடாகத் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. உங்கள் பெயர் எந்தப் பக்கம் என்பதை நீங்களே பார்த்தால்தான் தெரியும். ஆகவே இந்த வழிகாட்டி வாக்குப்பதிவு நாளிலிருந்து தொடங்கவில்லை. அதற்குப் பல மாதங்கள் முன்னால், பட்டியலிலிருந்து தொடங்குகிறது.

யார் வாக்காளர் ஆகலாம்

காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே விதிதான். அரசியலமைப்பின் 326-வது பிரிவு, 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1960-ம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகள் ஆகிய மூன்றும் அடிப்படை. இந்தியக் குடியுரிமை, 18 வயது, அந்தத் தொகுதியில் வழக்கமான வசிப்பு ஆகிய மூன்றும் வேண்டும். தகுதியான நீதிமன்றத்தால் மனநிலை சரியில்லாதவர் என்று அறிவிக்கப்பட்டவரும், தேர்தல் முறைகேட்டுச் சட்டங்களின் கீழ் வாக்குரிமை இழந்தவரும் சேர முடியாது. சாதி, மதம், படிப்பு, சொத்து, வரி என்று வேறு எந்த நிபந்தனையும் இல்லை. 1989 மார்ச் வரை வயது வரம்பு 21 ஆக இருந்தது. 61-வது திருத்தம்தான் அதை 18 ஆக்கியது.

18 வயது எந்தத் தேதியில் நிறைந்திருக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம் அதிகம். முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள். ஜனவரி 2-ம் தேதி பிறந்த பிள்ளை ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் ஆயின. 17 வயது முடிந்தவர்கள் வருடாந்திரத் திருத்தத்தின்போதே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். உரிய காலாண்டு வந்ததும் பெயர் ஏறும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டில் பெற்றோர் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழ்பவர்களுக்கும் குடியுரிமை என்ற நிபந்தனையே வாசலில் நிற்கிறது. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பொதுவாகப் பிறப்பாலேயே குடிமகன். அப்படிப்பட்டவர்கள் பிறப்புச் சான்றிதழை வைத்துச் சட்ட உதவி மையத்தை அணுகலாம்.

முதல் வேலை: பட்டியலில் தேடுவது

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலும் கைப்பேசிச் செயலியிலும் மூன்று விதமாகத் தேடலாம்: அட்டை எண்ணால், பெயர் விவரங்களால், பதிவு செய்த கைப்பேசி எண்ணால். மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அட்டை எண்ணால் தேடுவதே நம்பகமானது. பெயரால் தேடினால் எழுத்துக்கூட்டில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் "விவரம் இல்லை" என்றே வரும். அதைப் பார்த்துப் பதறிப் புதிதாக விண்ணப்பித்துவிடாதீர்கள். முதலில் உங்கள் பகுதியின் பட்டியலைப் பிடிஎஃப் வடிவில் இறக்கி, வீட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். அக்கம்பக்கத்து வீட்டார் பெயர்கள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றனவோ அங்கேதான் உங்கள் பெயரும் இருக்க வேண்டும்.

பெயர் கிடைத்தால் சட்டமன்றத் தொகுதி எண், பாகம் எண், வரிசை எண் என மூன்று எண்களைக் குறித்து வையுங்கள். பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல். வாக்குப்பதிவு நாளில் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தெரிந்தவரின் வேலை அரை நிமிடத்தில் முடியும். வரிசை எண் ஒவ்வொரு திருத்தத்திலும் மாறக்கூடியது. பழைய பூத் சிலிப்பில் உள்ள எண்ணை நம்பக் கூடாது. சாவடியே மாறவும் வாய்ப்பு உண்டு. ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 1,500 வாக்காளர் என்ற வரம்பை ஆணையம் 2025-ல் 1,200 ஆகக் குறைத்ததால் பல பாகங்கள் பிரிக்கப்பட்டன.

இணையம் வேண்டாம் என்பவர்கள் 1950 என்ற இலவச எண்ணை அழைக்கலாம், அல்லது பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பார்க்கலாம். பி.எல்.ஓ. என்று எல்லோரும் அழைப்பது இவரைத்தான். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். தன் சொந்த வேலையோடு சேர்த்து ஆயிரம் பெயர்களைப் பார்த்துக்கொள்பவர். அவரிடம் நல்லபடியாகப் பேசி, அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்பு முழுவதிலும் உங்கள் தெருவை நேரில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

எந்த ஊரில் பதிவு செய்வது

சொந்த ஊர் தென்காசிப் பக்கம், வேலை சென்னையில். ரேஷன் கார்டு ஊரில், வாடகை வீடு வேளச்சேரியில். வாக்கு எங்கே? தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோருக்கு இருக்கும் கேள்வி இது.

சட்டம் சொல்வது "வழக்கமாக வசிக்கும் இடம்". ஓரிடத்தில் வீடோ நிலமோ இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 1950 சட்டத்தின் 20-வது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. மறுபுறம், தற்காலிகமாக வெளியூர் போயிருப்பதால் மட்டும் ஒருவர் தன் வசிப்பிடத்தை இழப்பதும் இல்லை. இத்தனை மாதம் தங்கினால் போதும் என்று இந்தப் பிரிவு எந்தக் கணக்கையும் வைக்கவில்லை. இரவில் எங்கே படுத்து உறங்குகிறீர்கள், குடும்பம் எங்கே இருக்கிறது, திரும்பிப் போகும் எண்ணம் இருக்கிறதா என்பவற்றைச் சேர்த்தே அலுவலர் பார்ப்பார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்குப் போகிறவர் சென்னையில் பதிவு செய்வதே சரி. மூன்று மாத வேலைக்காகத் திருப்பூர் போனவர் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டிலும் வைத்துக்கொள்வது மட்டும் கூடாது. 1950 சட்டத்தின் 17, 18-வது பிரிவுகள் அதைத் தடுக்கின்றன. பதிவுக்காகத் தெரிந்தே பொய் உறுதிமொழி தருவது, 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். "ஊரில் ஒன்று இருக்கட்டும், இங்கே ஒன்று இருக்கட்டும்" என்று அப்பாவித்தனமாக நினைப்பவர்களே அதிகம். வினை என்னவென்றால், இரட்டைப் பதிவு கண்டுபிடிக்கப்படும்போது எந்தப் பதிவு நீக்கப்படும் என்பது உங்கள் கையில் இல்லை.

விடுதி மாணவருக்குத் தெரிவு உண்டு: பெற்றோர் வீட்டிலோ விடுதி முகவரியிலோ சேரலாம். விடுதி என்றால் கல்வி நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட மாணவர் சான்று வேண்டும். வீடற்றவர்களுக்கு முகவரிச் சான்றே தேவையில்லை. விண்ணப்பத்தில் சொன்ன இடத்தில் அவர் இரவில் உறங்குகிறாரா என்பதை பி.எல்.ஓ. ஓர் இரவுக்கு மேல் நேரில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். பாலத்தடியில் வாழ்பவருக்கும் வாக்கு உண்டு என்று இந்த விதி உறுதி செய்வது பலருக்குத் தெரியாததால், அவர்களில் நிறையப் பேர் பட்டியலுக்கு வெளியிலேயே இருக்கிறார்கள். தெரிந்த ஒருவருக்காவது இதைச் சொல்லுங்கள்.

படிவம் 6: புதிய வாக்காளர்

முதன்முறையாகச் சேர்பவருக்கு மட்டுமே இந்தப் படிவம். இந்த ஒரு வரியை மறந்ததால் விளைந்த இரட்டைப் பதிவுகள் ஏராளம். திருமணமாகி வேறு ஊருக்குப் போனவரும், வீடு மாறியவரும் படிவம் 6 போடக் கூடாது. அவர்களுக்கு உரியது படிவம் 8.

தேவையானவை குறைவுதான். வெள்ளைப் பின்னணியில் அண்மையில் எடுத்த வண்ணப் புகைப்படம், 4.5 செ.மீ. உயரம், 3.5 செ.மீ. அகலம். முகம் நேராக, இரு கண்களும் திறந்து தெரிய வேண்டும். பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பத்து அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்று. எதுவும் இல்லாதவர் வேறு ஆவணத்தைக் குறிப்பிட்டு இணைக்கலாம்.

முகவரிச் சான்றில்தான் வாடகைக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஏற்கப்படுபவை: குறைந்தது ஓராண்டாக அந்த முகவரியில் உள்ள மின்சாரம், தண்ணீர், எரிவாயு இணைப்பின் ரசீது, ஆதார், வங்கி அல்லது அஞ்சலகத்தின் நடப்புப் பாஸ்புத்தகம், பாஸ்போர்ட், வருவாய்த் துறை நில ஆவணம், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், சொந்த வீடானால் பதிவு செய்த கிரயப் பத்திரம். நம் ஊரில் பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் "பதிவு செய்தது" ஆகாது. அதை மட்டும் இணைத்தால் கேள்வி வரும். எளிதான வழி, வங்கிப் பாஸ்புத்தகத்தில் முகவரியை மாற்றிப் புதிதாக அச்சிட்டு வாங்குவது. இன்னொரு வசதியும் உண்டு: அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக உள்ள தந்தை, தாய், கணவர் அல்லது மனைவி, வயதுவந்த பிள்ளை ஆகியோரில் ஒருவர் பெயரில் உள்ள சான்றையும் தரலாம். பட்டியலில் உள்ள குடும்பத்தாரின் அட்டை எண்ணைப் படிவத்தில் எழுதினால் ஒரே வீட்டாரின் பெயர்கள் சிதறாமல் ஓரிடத்தில் வரும். எந்தச் சான்றுமே இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தைத் தள்ளிவிட முடியாது. அலுவலர் நேரில் வந்து விசாரிப்பது அப்போது கட்டாயமாகிறது.

ஆதார் எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இருந்தால் எழுதலாம், இல்லை என்றால் இல்லை என்ற கட்டத்தைக் குறிக்கலாம். வாக்காளர் பதிவுக்கு ஆதார் எண் கட்டாயமில்லை என்று ஆணையமே 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆதார் அடையாளத்துக்கான ஆவணம். குடியுரிமைக்கான சான்று அல்ல.

பெயர் எழுதுவதில் தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று. படிவம் பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியாகக் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம். தலைப்பெழுத்தை அங்கே போட்டால் அட்டையில் அது பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, மற்ற ஆவணங்களோடு பொருந்தாமல் போகும். இணையத்தில் ஆங்கிலத்தில் தட்டினால் தமிழ்ப் பெயர் தானாக நிரம்பும். ழகரமும் ணகரமும் றகரமும் அங்கேதான் பலியாகின்றன. "தமிழ்ச்செல்வி" எப்படி வந்திருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் படித்து, அந்தக் கட்டத்திலேயே திருத்தி, பிறகு அனுப்புங்கள். ஒரு நிமிடம் செலவழித்தால் பின்னால் ஒரு படிவம் 8 மிச்சம். உறவுமுறைக் கட்டத்தில் தந்தை, தாய், கணவர், மனைவி தவிர, பெற்றோர் இல்லாதவருக்குச் சட்டப்படியான பாதுகாவலர், மூன்றாம் பாலினத்தவருக்குக் குரு ஆகியோர் பெயரும் எழுதலாம்.

படிவத்தை இணையத்தில் நிரப்பலாம், பி.எல்.ஓ.விடமோ தாலுகா அலுவலகத்திலோ மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ தாளாகவும் தரலாம். திருத்தக் காலத்தில் வார இறுதிகளில் சாவடிகளிலேயே நடக்கும் சிறப்பு முகாமிலும் தரலாம். கட்டணம் எதுவும் இல்லை. தாளாகத் தந்தால் படிவத்தின் அடியில் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கையெழுத்தோடு வாங்காமல் திரும்பாதீர்கள். பிறகு மேல்முறையீடு வரை போனால், கொடுத்ததற்கு ஆதாரம் அந்தத் துண்டுச் சீட்டுதான்.

கொடுத்த பிறகு என்ன நடக்கிறது

விண்ணப்பம் பட்டியலாக அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் வெளியாகும். ஆட்சேபத்துக்கு 7 நாள் விடுவார்கள். இதற்கிடையே பி.எல்.ஓ. வீட்டுக்கு வருவார். அவர் வரும்போது வீடு பூட்டியிருப்பதும், அக்கம்பக்கத்தில் "அப்படி யாரும் இல்லையே" என்று சொல்லிவிடுவதும் நிராகரிப்புக்குச் சாதாரணக் காரணங்கள். அடுக்குமாடியில் இருப்பவர் காவலாளியிடமும், வாடகையில் இருப்பவர் வீட்டு உரிமையாளரிடமும் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். படிவத்தில் எழுதிய கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். கணினி மையத்தில் நிரப்பிக் கொடுப்பவர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் குறுஞ்செய்தி எதுவும் உங்களுக்கு வராது.

முடிவெடுப்பவர் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலர். அவர் நிராகரித்தால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியர் நிலையில் முதல் மேல்முறையீடு. அங்கும் கிடைக்காவிட்டால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது. நாட்கள் உத்தரவுத் தேதியிலிருந்து எண்ணப்படுவதால், உத்தரவின் நகலை உடனே கேட்டு வாங்குங்கள்.

படிவம் 8, படிவம் 7

2022-க்குப் பிறகு படிவம் 8 நான்கு வேலைகளைச் செய்கிறது: வீடு மாற்றம் (அதே தொகுதிக்குள்ளோ வேறு தொகுதிக்கோ), விவரத் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது. வீடு மாற்றத்துக்கு இதைப் பயன்படுத்தினால் பழைய இடத்துப் பெயர் நீக்கமும் புதிய இடத்துச் சேர்க்கையும் ஒரே விண்ணப்பத்தில் முடியும். அட்டை எண்ணும் மாறாது. மாற்றுத்திறனாளி என்ற குறிப்பைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சக்கர நாற்காலியும் மற்ற வசதிகளும் அந்தக் குறிப்பை வைத்தே திட்டமிடப்படுகின்றன. பதிந்து வைப்பதுதான் நல்லது.

படிவம் 7 நீக்கத்துக்கு. வீட்டில் ஒருவர் இறந்தால் இறப்புச் சான்றிதழோடு இதைக் கொடுக்க வேண்டும். துக்கத்தில் இது யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் பட்டியலில் விட்டுவைத்த இறந்தவர் பெயரில்தான் கள்ள ஓட்டு விழுகிறது. இதே படிவத்தால் உங்கள் பெயரை நீக்கக் கோரி வேறொருவரும் விண்ணப்பிக்க முடியும். அவர் அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், பொய்யானால் அதற்கும் 31-வது பிரிவு பாயும். உங்களுக்குத் தகவல் தந்து, விளக்கம் கேட்காமல் நீக்கக் கூடாது என்பதே விதி. சிக்கல், அந்த அறிவிப்பு பழைய முகவரிக்குப் போவதில்தான். வீடு மாறியும் படிவம் 8 போடாதவர்களின் பெயர் சத்தமில்லாமல் மறைவது இப்படித்தான்.

காலக்கெடு

தேர்தல் தேதி அறிவித்த பிறகும் சேரலாம். ஆனால் வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எந்தப் பெயரும் ஏறாது. ஆட்சேபத்துக்கான 7 நாட்களும் அதற்குள் கழிய வேண்டும். ஆகவே வேட்புமனுக் கடைசி நாளுக்குக் குறைந்தது 10 நாள் முன்பு விண்ணப்பம் அலுவலர் கைக்குப் போயிருக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்றாலும், வார்டு பட்டியல்களுக்கு அடிப்படை இதே சட்டமன்றப் பட்டியல்தான். இதில் இல்லாதவர் அதிலும் இருக்க மாட்டார்.

வெளிநாட்டில் இருப்பவர், சாவடிக்கு வர முடியாதவர்

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்தாலும், வேறு நாட்டுக் குடியுரிமை பெறாதவர் படிவம் 6ஏ வழியாகச் சேரலாம். 2011 முதல் இந்த உரிமை உண்டு. பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரிதான் தொகுதியைத் தீர்மானிக்கும். வாக்கை நேரில் வந்து, அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் போட முடியும், நகல் ஏற்கப்படாது.

85 வயது கடந்தவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் வாக்கு அளிக்கலாம். இதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதால், பாட்டி தாத்தா உள்ள வீட்டில் பேரப்பிள்ளைகள் யாராவது தேதியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். தபால் வாக்கு அனுமதிக்கப்பட்டவர் பிறகு மனம் மாறிச் சாவடிக்குப் போக முடியாது. தேர்தல் பணியில் இருப்பவர்களுக்குப் படிவம் 12 அல்லது 12ஏ. ராணுவத்தினருக்குத் தனி பட்டியலும் மின்னணு தபால் வாக்கும் உண்டு. சிறையில் இருப்பவர்கள் வாக்களிக்க முடியாது. தடுப்புக் காவலில் இருப்பவர்கள் மட்டும் தபாலில் அளிக்கலாம்.

வாக்குப்பதிவு நாள்

வாக்காளர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆணையம் ஏற்கும் 12 ஆவணங்களில் ஒன்று போதும்: ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படத்துடன் கூடிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புத்தகம், தொழிலாளர் அமைச்சகத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஓட்டுநர் உரிமம், பான், மக்கள்தொகைப் பதிவேட்டு ஸ்மார்ட் கார்டு, பாஸ்போர்ட், படமுள்ள ஓய்வூதிய ஆவணம், அரசு மற்றும் பொதுத்துறை நிறுவனப் பணியாளர் அட்டை, மக்கள் பிரதிநிதிகளின் அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. ரேஷன் கார்டு இந்த வரிசையில் இல்லை. பூத் சிலிப்பும் 2019 முதல் அடையாளமாக ஏற்கப்படுவதில்லை. அது எண்ணைச் சொல்லும் தாள் மட்டுமே. அட்டையில் உள்ள சிறு எழுத்துப்பிழையையும் வேறு தொகுதி அலுவலர் வழங்கியது என்பதையும் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. ஆள் அடையாளம் தெரிந்து, அந்தச் சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். படம் பொருந்தவில்லை என்றால் மட்டும் 12-ல் வேறொன்றைக் காட்ட வேண்டும்.

வாக்களிக்க உரிமையுள்ள தொழிலாளிக்கு அன்று சம்பளத்துடன் விடுமுறை. 1951 சட்டத்தின் 135பி பிரிவு அது. தினக்கூலிக்காரருக்கும் பொருந்தும்.

உள்ளே வரிசை இப்படிப் போகும். முதல் அலுவலர் பட்டியலில் பெயரைப் பார்த்து உரக்கப் படிப்பார். கட்சி முகவர்கள் கேட்டு ஆட்சேபிக்க வாய்ப்புத் தரவே சத்தமாகப் படிக்கிறார்கள். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, 17ஏ பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிச் சீட்டு தருவார். 1962 முதல் மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம் தயாரிக்கும் மை இது. வெள்ளி நைட்ரேட் தோலோடு சேர்வதால் கழுவினாலும் போகாது. மூன்றாமவர் சீட்டை வாங்கிக் கட்டுப்பாட்டுக் கருவியை இயக்குவார். மறைப்புக்குள் சென்று, விரும்பும் சின்னத்துக்கு எதிரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்தில், போட்ட வாக்கை அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் கண்ணாடிக்குள் வரிசை எண், பெயர், சின்னத்துடன் சீட்டு 7 விநாடி தெரியும். நீண்ட பீப் ஒலிக்கும். அந்த 7 விநாடியும் கண்ணை எடுக்காதீர்கள். ஒரு கருவியில் 16 பொத்தான்கள்தான். வேட்பாளர் அதிகமானால் பக்கத்தில் இன்னும் கருவிகள் இருக்கும். கடைசியில் இருப்பது நோட்டா, உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2013-ல் வந்தது. நோட்டாவுக்கு அதிக வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே வென்றவர்.

பார்வையற்றவரும் உடல் தளர்ந்தவரும் 18 வயது நிரம்பிய துணை ஒருவரை அழைத்துப் போகலாம். அந்தத் துணை, அன்று வேறு எவருக்கும் துணையாக வரவில்லை என்றும் வாக்கின் ரகசியத்தைக் காப்பேன் என்றும் உறுதிமொழி தர வேண்டும்.

தவறு நடந்தால்

உங்கள் வாக்கை யாரோ போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் சண்டையிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சாவடித் தலைமை அலுவலரிடம் 49பி விதிப்படி டெண்டர் வாக்கு கேளுங்கள். உங்கள் அடையாளத்தைக் கேள்வி கேட்டு உறுதி செய்த பிறகு, 17பி படிவத்தில் கையெழுத்து வாங்கி, தாள் வாக்குச்சீட்டு தருவார். முத்திரை குத்திக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் இது சேராது. வழக்கு வந்து நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் பிரிப்பார்கள். ஆனாலும் கேட்டு வாங்குங்கள். கள்ள ஓட்டு நடந்ததற்கு அரசு ஆவணத்தில் பதியும் சாட்சி அதுதான்.

முகவர் ஒருவர் "இவர் அந்த ஆள் இல்லை" என்று ஆட்சேபித்தால், அவர் 2 ரூபாய் கட்ட வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆட்சேபம் நிலைக்காவிட்டால் நீங்கள் வழக்கம்போல வாக்களிக்கலாம். பெயர் "இல்லாதவர், மாறியவர், இறந்தவர்" பட்டியலில் குறிக்கப்பட்டிருந்தாலும் வாக்குரிமை போய்விடாது. பட்டியலில் பெயர் நீக்கப்படாமல் இருந்து, நீங்களே உயிரோடு வந்து நின்று அடையாளம் காட்டினால், கூடுதல் சரிபார்ப்புக்குப் பின் அனுமதிக்க வேண்டும்.

விவிபாட் சீட்டில் வேறு சின்னம் வந்ததைப் பார்த்தால் 49எம்ஏ விதி இருக்கிறது. எழுத்தில் உறுதிமொழி தந்தால், அலுவலரும் முகவர்களும் பார்க்க ஒரு சோதனை வாக்கு போடச் சொல்வார்கள். புகார் உண்மையானால் அந்தக் கருவியில் வாக்குப்பதிவு நிற்கும். பொய்யானால் தண்டனை உண்டு. சந்தேகத்தின் பேரில் சொல்லாமல், கண்ணால் கண்டதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

பணம், பரிசுப் பொருள், மிரட்டல் ஆகியவற்றைப் படமோ காணொளியோ எடுத்து சி-விஜில் செயலியில் அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் இலக்கு. சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் பிரசாரம் செய்வதும் குற்றமே.

மாலை நேரம் முடியும் கணத்தில் வரிசையில் நிற்பவர் எல்லோருக்கும் வாக்களிக்கும் உரிமை உண்டு. தலைமை அலுவலர் வரிசையின் கடைசி ஆளுக்கு 1 என்று தொடங்கி முன்னோக்கி எண் சீட்டு கொடுத்துக்கொண்டு வருவார். அதற்குப் பின் வருபவரைச் சேர்க்க மாட்டார்கள். சீட்டு கையில் இருந்தால் இரவு எத்தனை மணியானாலும் உங்கள் முறை வரும் வரை இயந்திரத்தை மூட முடியாது. இடத்தை விட்டு நகராமல் நில்லுங்கள்.